மலை இடப்பக்கம், விளக்கு வலப்பக்கம்

இன்று காலை கடையில் ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவி. நடுக்கடலில் படகு நிற்கும் இடத்தை எண்களாகக் காட்டும். ஜி.பி.எஸ். என்கிறார்கள். அட்டையைக் கிழித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை கடை முழுக்க அடித்தது. தூண்டில் முள் வாங்க வந்திருந்த உன் தம்பியின் கையில் அதைக் கொடுத்து, வியாபாரம் பண்ணப் பார்த்தேன்.

“இந்த பட்டன அமுக்குனா போதும்டா. நீ நிக்கிற எடம் உள்ள ஏறிடும். அடுத்த தபா கண்ண மூடிகினு அங்கயே போய் நிக்கலாம்.”

அவன் அதை மீன் வாங்குகிறவன் செவுளைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரிப்பேருன்னா உன் கடைக்குத்தானே எத்துகினு வரணும்ண்ணே?”

“ஆமா. நம்ம கடையிலதான் பாக்கறோம்.”

“அப்ப வேணாம். என் எடம் என் மண்டையிலயே இருக்கட்டும்.”

முள்ளை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, அவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. உன்மேல். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் வராது. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் கத்தியதில் பாதிகூட இன்னும் தீரவில்லை.

நான் கடல்காரன் இல்லை. உன் குப்பத்தில் மீன் எடுத்து, சைக்கிள் கேரியரில் கூடை கட்டி, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மிதித்துக்கொண்டு போனவன். சைக்கிள் டி.வி.எஸ். ஆனது, பிறகு ஐஸ் வண்டி, அதற்குப் பிறகு மாமல்லபுரம் ரோட்டில் இந்த வலைக்கடை. நடுவில் ஆறு வருஷம் பம்பாயில் மீன் கம்பெனி வேலை. இந்தி அங்கே கற்றதுதான். அந்த இந்திதான் உனக்குக் கேடாக வந்து முடிந்தது.

உன் சரக்குக்கு நான் அலைந்தது உனக்கே தெரியும். மற்றவன் கூடையில் காரப்பொடி, கவலை என்று மலிவு மீனாகக் கிடக்கும்போது உன் படகில் முழங்கை நீளத்துக்குக் களவாய் கிடக்கும். பாறையடியில் வாழ்கிற மீன். கடலுக்கடியில் உனக்கென்று ஒரு பார் இருந்தது, உன் அப்பா காட்டிவிட்டுப் போன பாறைத் திட்டு. கரையில் தெரிகிற ஒரு மரத்தின் பின்னால் ஒரு கோபுரம், இன்னொரு பக்கம் ஒரு மேட்டின் பின்னால் ஒரு கட்டடம் என்று இரண்டு ஜோடி அடையாளம் வைத்திருப்பீர்கள். இரண்டு ஜோடியும் ஒரே சமயத்தில் நேராக வந்துவிட்டால் படகுக்குக் கீழே பார். அந்த அடையாளங்களை உங்கள் ஆட்கள் யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். நீ ஒரு படி மேலே. உன் படகில் கூலிக்கு வருகிறவனைக் கரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்துத்தான் ஓட்டிக்கொண்டு போவாய். “இன்னாண்ணாத்த, கல்யாணப் பொண்ணா நானு, திரும்பிப் பாக்கக் கூடாதா?” என்று ஒருத்தன் கேட்டதற்கு, “பாத்தின்னா நீந்திதான் வூட்டுக்குப் போவ” என்றாய்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாத மாலை. வெயில் இன்னும் இறங்கவில்லை. கரையில் ஏலத்துக்குக் காத்திருந்தேன். நீ படகை ஏற்றிவிட்டு மீனைக்கூட இறக்காமல் நேராக என்னிடம் வந்தாய்.

“யாவாரி, இன்னிக்கு ஒண்ணு பாத்தேன்.”

“இன்னா, சுறாவா?”

“மேல. ஆகாசத்துல. அலுமினியத் தூக்க கவுத்து வெச்ச மாதிரி. கரைக்கு அந்தாண்ட நின்னுகினு கீது. சத்தம் இல்ல, புகை இல்ல. ஒரு பீடி இழுத்து முடிக்கிற நேரம் அப்டியே நின்னுச்சு. அப்பால நேரா மேல போயிடிச்சி. சாஞ்சிகூட போவல.”

“பகல்லயே ஊத்திகினியா மச்சான்?”

“வாய மோந்து பாரு.”

நான் நிஜமாகவே மோந்து பார்த்தேன். பீடி நாற்றம் மட்டும்தான்.

நீ ஒருத்தன் மட்டும் என்றால் அது கரைப் பேச்சாகவே முடிந்திருக்கும். மாமல்லபுரத்தில் பட்டறைக்கு வெளியே சிலைக்குக் கண் திறந்துகொண்டிருந்த ஒரு சிற்பி தெற்கே பார்த்திருக்கிறார். புதுப்பட்டினத்தில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன ஒரு டீச்சர் வடக்கே பார்த்திருக்கிறார். பேப்பரில் நாலு வரி வந்தது. பக்கத்தில் அணு உலை இருக்கிறது. சும்மா விடுவார்களா? அந்த வாரமே பட்டாளத்து ஜீப் வந்துவிட்டது.

சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டார்கள். மூன்று பேர். ஓர் அதிகாரி, எழுதிக்கொள்ள ஒருத்தன், மேஜை நிறையக் கடல் வரைபடத்தை விரித்து ஸ்கேலோடு நின்ற ஒருத்தன். அதிகாரிக்குத் தமிழ் வராது. குப்பத்துத் தலைவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார், “நீதான் இந்தி பேசுவியே” என்று. நான் பெருமையாகத்தான் போய் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுச் சட்டை வேறு.

அந்த அதிகாரி கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. நீ சொல்லச் சொல்ல ஒழுங்காகக் கேட்டுக்கொண்டான். எவ்வளவு உயரம் என்றதற்கு “தெரியாது” என்றாய். எவ்வளவு பெரிசு என்றதற்கும் “தெரியாது, கைய நீட்டி கட்ட வெரல வெச்சா மறைஞ்சிடிச்சி” என்றாய். எந்தத் திசை? “கரையைப் பாத்து நின்னா எடப்பக்கம் கழுக்குன்றத்து மலை, வலப்பக்கம் லைட் அவுஸு. ரெண்டுக்கும் நடுவுல, மலைய ஒட்டி.” அதிகாரி என்னிடம் திரும்பி, “இந்த ஆள் கூட்டியும் பேசவில்லை, குறைத்தும் பேசவில்லை. இப்படி ஒரு சாட்சி கிடைப்பது கஷ்டம்” என்றான். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த குப்பத்து ஆட்கள் விசில் அடித்தார்கள்.

ஸ்கேல்காரன் எனக்குப் படத்தைக் காட்டி விளக்கினான். சிற்பி பார்த்த திசைக்கு ஒரு கோடு. டீச்சர் பார்த்த திசைக்கு ஒரு கோடு. உன் கோடு மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டால் அங்கே நிஜமாகவே ஏதோ நின்றிருக்கிறது. கோடு போட ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் உன் படகு எங்கே நின்றது?

என்னைத் திரும்பிப் பார்த்தாய். யோசிக்கிறாய் என்று நினைத்தேன்.

“பட்டிபுலத்துக்கு நேரா. வெளிய.”

பட்டிபுலம் மாமல்லபுரத்துக்கு வடக்கே. நான் அப்படியே இந்தியில் சொன்னேன். ஸ்கேல்காரன் புள்ளி வைத்தான். கோடு போடக் குனிந்தவன் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தான். ஜன்னலில் ஒருத்தன் இருமினான். இன்னொருத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். அங்கே இருந்தவர்களில் விஷயம் புரியாதவன் நான் ஒருத்தன்தான்.

கலங்கரை விளக்கு மாமல்லபுரத்தில் கரையோரம், மலை அதற்கு நேர் பின்னால் வெகு உள்ளே. வடக்கே நின்று கரையைப் பார்த்தால் மலை வலப்பக்கம் இருக்கும். விளக்குதான் இடப்பக்கம். மலை இடப்பக்கம் தெரிய வேண்டுமென்றால் நீ தெற்கே இருந்திருக்க வேண்டும். குப்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. உனக்கும் வாயிலிருந்து சொல் விழுந்த நொடியிலேயே தெரிந்திருக்கும்.

அதிகாரி மறுபடி கேட்டான். “இடம் நிச்சயமா?”

“சொன்னது சொன்னதுதான்.”

“மலை எந்தப் பக்கம்?”

அங்கேயாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். வலப்பக்கம் என்று ஒரு வார்த்தை. இரண்டும் பொய்யானாலும் பொருந்திப் போயிருக்கும், வீட்டுக்குப் போயிருக்கலாம். நீ என்ன சொன்னாய்? “எடப்பக்கம். பாத்தத மாத்திச் சொல்ல மாட்டேன்.” கண்ணால் பார்த்ததில் பொய் சொல்ல மாட்டாய், நின்ற இடத்தில் உண்மை சொல்ல மாட்டாய். என்ன மனுஷனடா நீ?

அதிகாரி பேனாவை மூடினான். முகம் மாறிவிட்டது. “தான் இருந்த இடத்தை ஒருத்தன் எதற்கு மறைக்கிறான்? உலை பக்கத்தில், கடலில், இவனுக்கு என்ன வேலை? கேள்.” கேட்டேன். நீ மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் காலத்தில் கடலில் டீசல் கடத்துகிறார்கள், அதைக் கடத்துகிறார்கள் என்று எங்கு பார்த்தாலும் சந்தேகம். அதற்கு நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

எட்டு மாதம். உன் படகை எடுத்துப்போய்ச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். இன்ஜினில் உப்பு பூத்தது. வாரம் ஒருமுறை செங்கல்பட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். எவன் கூலிக்கு வந்தால் கரைக்கு முதுகு காட்டி உட்கார வைப்பாயோ, அவன் படகில் நீ கூலிக்குப் போய் வலை இழுத்தாய். கடைசியில் விசாரணை அறிக்கை வந்தது. சாட்சி இருந்த இடத்தைப் பற்றிப் பொய் சொன்னவர், அவர் பேச்சு நம்பத்தக்கதல்ல. மற்ற இருவர் கண்டது காற்றில் அடித்துவந்த பலூனாக இருக்கலாம். மூன்றாவது கோடு இல்லாமல் மிச்சம் இரண்டு கோட்டுக்கு என்ன மரியாதை? அன்றிலிருந்து குப்பத்தில் உனக்குப் பெயர் பலூன். “பலூனு வருதுடா, நூலு எங்க?” என்பார்கள். நீ சிரித்துக்கொண்டே போவாய். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை என்று உன் வீட்டுக்காரி சொல்வாள்.

கையெழுத்துக்கு வருகிற ஒவ்வொரு வாரமும் நான் துணைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் கத்தினேன்.

“எங்க இருந்தன்னு சொல்லித் தொலையேன்டா. படகு வந்துடும்ல?”

“சொல்ல முடியாது யாவாரி.”

“பட்டாளத்துக்காரனுக்கு பயமா?”

“டீ ஆறிப் போவுது, குடி.”

பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம்! நீ நெஞ்சுச் சளியோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுக்கும்வரைக்கும். மதியம் பார்வையாளர் நேரம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே, இப்போதாவது சொல்லு, அன்றைக்கு எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

நீ சுளையை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுச் சொன்னாய்: “நீ பக்கத்துல குந்திகினு இருந்தியே.”

எனக்குப் புரியவில்லை.

“பட்டாளத்துக்காரன்கிட்ட இன்னா, தாராளமா சொல்லியிருப்பேன். அவன் களவாய் புடிக்க வரப்போறானா? ஜன்னல்ல தொங்குறவங்கள வெளிய வெரட்டி வுட்டுட்டு சொல்லலாம். உன்ன எப்டி வெரட்டறது? உன் வாய் வழியாத்தானே அவனுக்குப் போவணும்.”

“நான் உன் கூட்டாளிடா!”

“கூட்டாளிதான். என் படகு பின்னாடி ஆள் அனுப்புன கூட்டாளி.”

ஆமாம், அனுப்பினேன். இந்த மடலில் எதற்கு மறைக்க வேண்டும்? விசாரணைக்கு முந்தின வருஷம், பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருத்தனிடம் சொல்லி, தூரமாக நின்று உன் படகு எங்கே நங்கூரம் போடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். நீ அரை நாள் அவனைச் சுற்ற வைத்து, வெறும் சேற்றுத் தரைமேல் நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டு வந்தாய். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் எனக்குத்தான் மீன் போட்டாய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். எட்டு மாதம் படகைப் பூட்டி, பலூன் என்று பெயர் வாங்கி, எல்லாம் நான் ஒருத்தன் தெரிந்துகொள்ளக் கூடாது என்றா? நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. பிறகு அருகில் வரச்சொல்லி இரண்டு ஜோடி அடையாளத்தையும் காதில் சொன்னாய். “எழுதிக்காத. மண்டையில வை.”

“இப்ப மட்டும் எப்டி நம்புற?”

“யாரு நம்புறாங்க? தம்பிக்குத் தெரியும். அவனுக்கு ஒண்ணு ஆனா வூட்ல கீறவளுக்கு சோறு வேணும்ல. நீ வித்தாகூட அவளுக்கு ஒரு பங்கு குடுப்ப. அந்தளவுக்கு உன்ன எனக்குத் தெரியும்.”

அந்த வாரமே நீ போய்விட்டாய். காரியம் முடிந்த கையோடு பட்டணத்துக்குப் போய் ஒரு கடல் வரைபடம் வாங்கினேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மேஜைமேல் விரித்து, நீ சொன்ன அடையாளங்களை வைத்து உன் படகு நின்ற இடத்தில் புள்ளி வைத்தேன். தெற்கேதான். சிற்பியைப் போய்ப் பார்த்தேன், டீச்சரைப் போய்ப் பார்த்தேன், இருவரும் கையை நீட்டிக் காட்டிய திசையில் கோடு இழுத்தேன். பிறகு உன் கோடு, மலைக்கும் விளக்குக்கும் நடுவில், மலையை ஒட்டி. மூன்றும் கொக்கிலமேட்டுக்குத் தெற்கே உப்பங்கழிமேல் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. இரண்டு முறை அழித்துப் போட்டேன். அதே இடம். பலூனோ பேயோ, அங்கே ஒன்று நின்றிருக்கிறது, நீ அதைப் பார்த்திருக்கிறாய். அங்கிருந்தவர்களிலேயே சரியாகப் பார்த்தவன் நீதான்.

உன் வீட்டுக்காரியிடம் வரைபடத்தைக் காட்டவில்லை, மூன்று கோடும் சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். “அப்ப அவரு பேர்ல கீற அந்த எழுத்த அழிச்சுக் குடுண்ணா” என்றாள். வேறு எதுவும் கேட்டதில்லை அவள் என்னிடம்.

போனேன். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அலைந்து திரிந்து, அந்தக் கோப்பு கிடக்கும் அலுவலகத்தைக் கண்டுபிடித்துப் போனேன். இந்த முறை இருந்த அதிகாரி இளவயசு, தமிழ் ஆள். வரைபடத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். திருத்தம் கேட்டு மனு கொடுக்கலாம், சாட்சி உண்மையில் இருந்த இடத்தை அதில் குறிக்க வேண்டும், மீன்வளத் துறைக்கும் போலீசுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நகல் போகும், உள்ளூர்ப் படகுகளை வைத்து நேரில் சரிபார்ப்பார்கள் என்றார். உலைக்கு அருகே என்றால் அங்கே மீன்பிடிக்கத் தடை வந்தாலும் வரும் என்றும் சொன்னார். மனுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

உன் பெயரும் ஊரும் எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். அந்தப் பாரிலிருந்துதான் உன் தம்பி இரண்டு வீட்டுக்கும் உலை வைக்கிறான். அந்தக் கட்டத்தை நிரப்பினால் உன் பெயர் சுத்தமாகும், உன் வீட்டுக்காரியின் சோறு ஊருக்கெல்லாம் பங்காகும். எத்தனை பேரத்தில் உட்கார்ந்தவன் நான், இரண்டு பக்கமும் நஷ்டமான பேரத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

கட்டம் காலியாகவே இருந்தது. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இடம் சொல்லலைன்னா நான் என்ன சார் பண்றது? அப்ப அவர் பொய் சொன்னார்னு ஏற்கெனவே இருக்கறது அப்படியே இருக்கட்டுமா?”

“இருக்கட்டும் சார்.”

என் வாயால்தான் சொன்னேன். உனக்கு மொழிபெயர்க்க உட்கார்ந்த அதே வாய். மனுவை நாலாக மடித்து பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். உன் வீட்டுக்காரியிடம் வேலை ஆகவில்லை என்றேன். “உன்னால ஆவாத வேலகூட கீதாண்ணா?” என்றாள். நான் உழைக்கவில்லை, உனக்காக ஓர் அடி எடுத்து வைக்கவில்லை என்று நினைக்கிறாள். ஏன் ஆகவில்லை என்று சொன்னால், கட்டத்தை நிரப்பியிருக்கலாமே என்பாள், அவளுக்குச் சோற்றைவிட உன் பெயர் பெரிசு. அதனால் சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்புகிறாள் இப்போதெல்லாம்.

அந்த விசாரணைக்காரர்கள்மேல் கோபம். ஒரு பொய்யைக் கண்டுபிடித்ததும் அதோடு சேர்த்து மூன்று பேர் பார்த்ததையும் மூட்டை கட்டி எறிந்தார்களே, ஏன் மறைக்கிறான் என்று ஜன்னலில் நின்ற எவனையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஜன்னலில் நின்றவர்கள்மேல் கோபம், தெரிந்திருந்தும் சிரித்துவிட்டுப் போனார்கள். உன்மேல் கோபம், என்னை வெளியே போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன், கைச்சாடையில் படத்தைத் தொட்டுக் காட்டியிருக்கலாம்.

நீ சொன்ன இரண்டு ஜோடி அடையாளமும் என் மண்டையில் அப்படியே இருக்கின்றன. எழுதவில்லை, வரைபடத்தில் வைத்த புள்ளியையும் அழித்துவிட்டேன். கையில் வந்து, நான் விற்காமல் வைத்திருக்கும் சரக்கு இது ஒன்றுதான். வைத்திருக்க என்னால் முடிகிறது என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு அந்த மேஜையில் நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வாரமே அந்தப் பாரின்மேல் ஆறு படகு நின்றிருக்கும், ஆறும் என் ஐஸ் பெட்டியோடு. அது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். இந்தக் கோபம் அடங்காமல் இருப்பது அதனால்தான்.